மச்சினன் இல்லாத ஏரி

மச்சினனை வெட்டிவிடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தபோது காலை மணி ஏழு. பல் தேய்த்துக்கொண்டே எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் வெளியே சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். வெட்டப்பட வேண்டியவன் மனைவியின் சொந்தத் தம்பி.

யாரும் பதற வேண்டாம். வெட்டு படத்தில்தான்.

கண்ணாடிக்காரருக்கு வேலை, கண் ஆஸ்பத்திரியை ஒட்டிய மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வார். ஊரில் பாதிப் பேருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பது அவருக்கு அத்துப்படி. தன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் எந்த லென்ஸ் போட்டாலும் தெரியாது.

பொழுதுபோக்கு, கேமரா. அதிலும் இயற்கைக் காட்சி மட்டும். மலை, நீர், மேகம். மனிதர்களைப் படம் எடுப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். பதினான்கு வருடமாக எடுத்த படங்கள் அலமாரியில் அடுக்கடுக்காகத் தூங்கின. அவற்றை முழுக்கப் பார்த்தவர்கள் அவரும் கரையானும்தான்.

இப்போதுதான் ஒரு விடிவு வந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா ஒருநாள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஹால்ல ஒரு சுவர் மொட்டையா இருக்கு. கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க தூரமா எதையாவது பாக்கட்டும். நீங்க எடுத்த காட்சி ஒண்ணு குடுங்களேன். சட்டம் மூணடிக்கு ரெண்டடி, மாட்டியாச்சு" என்றார். கண்ணாடிக்காரர் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ஏரிக்குக் கிளம்பினார்.

"தம்பியும் வரட்டுங்க. அந்த மூணுகால் ஸ்டாண்டைத் தூக்க ஒரு ஆள் வேணும்ல?" என்றாள் மனைவி.

தம்பிக்கு வயது முப்பத்தாறு. பேட்டரிக் கடையில் வேலை. உயரத்துக்கும் மெலிவுக்கும் சேர்த்து அவனைக் கொக்கு என்று மனத்துக்குள் கூப்பிடுவார் கண்ணாடிக்காரர். ஆள் தங்கமானவன். ஒரே ஒரு குறை, கேமராவைக் கண்டால் விறைத்துப்போய்க் கண்ணை மூடிவிடுவான். அக்காவின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் புகுந்து, நின்றபடியே தூங்குகிறான். இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். மூன்று இடத்துக்குப் படம் அனுப்பி, மூன்று இடத்திலும் "பையனுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் மனைவி கெஞ்சினாள், நீங்களே ஒரு படம் எடுத்துக் கொடுங்கள் என்று. கொள்கை குறுக்கே வந்துவிட்டது.

ஸ்டாண்ட் தூக்க வந்தவன் புத்தம்புது நீலச் சட்டையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நின்றான். ஸ்டாண்ட் தூக்க இஸ்திரி எதற்கு என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஏரிக்கரையில் நாற்பது நிமிடம் காத்திருந்தார். மேகம் விலகியது. வெளிச்சம் மலையில் விழுந்து, நீரில் இறங்கி, கரையில் ஒற்றையாக நின்ற மரத்தைத் தொட்டது. பத்து வினாடி இருக்கும். அந்தப் பத்து வினாடிக்குள் எங்கிருந்தோ வந்து, மரத்துக்கு இடப்பக்கம் நின்றான் மச்சினன். கத்திக் கூப்பிட்டால் அதற்குள் வெளிச்சம் ஓடிவிடும். அழுத்திவிட்டார். உடனே மேகம் மூடியது. மழையும் பிடித்துக்கொண்டது. கிடைத்தது அந்த ஒரே படம்.

அச்சுக்கடைக்காரர், "கம்ப்யூட்டர்லயே வெட்டிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார். கலைஞன் சம்மதிப்பானா? "முழுசாப் போடுங்க. தாள்ல வச்சுப் பாத்துதான் வெட்டுவேன்" என்று நாலரை அடி அகலத்துக்கு அச்சடித்து வாங்கி வந்தார். உயரம் சரியாக இரண்டடி. அகலத்தில் ஒன்றரை அடி போயாக வேண்டும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பல் தேய்க்கும்போது பதில் கிடைத்துவிட்டது. அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கிடைக்கவில்லை.

மனைவி தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. ஜன்னல் திரை, பள்ளிச் சீருடை, சட்டை எல்லாம் தைப்பாள். வீட்டிலேயே பெரிய மேசை அவளுடைய துணி வெட்டும் மேசைதான். அதன்மேல் படத்தை விரித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இதைக் கொஞ்சம் வெட்டணும்."

"எதுக்குங்க? நல்லாத்தானே இருக்கு."

"சட்டம் மூணடி. படம் நாலரை அடி."

"சட்டத்தைப் பெருசாப் போடச் சொல்லுங்க."

"சுவரையும் பெருசாக் கட்டச் சொல்லவா?"

"சரி, அப்ப வலது பக்கம் வெட்டுங்க. மலையோட வால்தானே, யாருக்கு வேணும்?"

"மலைக்கு வால்தான் அழகே. இடது பக்கம்தான் கொஞ்சம் கனமா இருக்கு."

"தம்பி அம்பத்தெட்டு கிலோதாங்க."

"அந்தக் கனம் இல்ல. பார்வைக் கனம். கண்ணு நேரா அங்க போகுது."

"கண் ஆஸ்பத்திரிதானே? கண்ணு எங்கயாவது போனாச் சரி."

கண்ணாடிக்காரர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டார். "இதோ பாரு. காட்சியில ஒரு மனுஷன் நின்னா தூரம் கெட்டுப்போகும். மலையை யாரும் பாக்க மாட்டாங்க. யாரு இவன், இந்தச் சட்டையை எங்க தச்சான்னு யோசிப்பாங்க."

"நான்தான் தச்சேன். விலாசம் எழுதி ஒட்டிடுங்க."

"இது கலை. விளம்பரம் இல்ல."

அவள் முகம் வாடியது. குண்டூசிப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"என் தம்பியை வெட்டறதுன்னே முடிவு பண்ணிட்டீங்க."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? இடது பக்கம்னுதான் சொன்னேன்."

"இடது பக்கத்துல வேற யாரு நிக்கிறாங்க?"

கண்ணாடிக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். வேறு யாரும் நிற்கவில்லை.

"சரி" என்று பெருமூச்சு விட்டாள். "உங்க படம், உங்க இஷ்டம். வெட்டுங்க."

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று அவர் நினைக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் வெற்றி. மனசுக்குள் மேளம் கொட்டியது. படத்தின்மேல் பென்சில் கோடு விழுந்துவிடக் கூடாது என்று படத்தைக் கவிழ்த்துப் போட்டார். முதுகுப் பக்கம் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.

"மச்சினன் பக்கம் ஒரு அடி. வாலுல ஒரு அரை அடி. மரம் மட்டும் ஓரத்துல அப்படியே இருக்கணும். மரம்தான் இந்தப் படத்துக்கு வாசல். அது வழியாத்தான் கண்ணு உள்ள போகும். புரியுதா?"

"நல்லாப் புரியுது."

கத்தரியைக் கையில் எடுத்தார். கோட்டின்மேல் வைத்தார், எடுத்தார். மறு கைக்கு மாற்றி வைத்தார். அதையும் எடுத்துவிட்டார்.

"இப்படிக் குடுங்க" என்றாள் அவள். "பதினெட்டு வருஷமா வெட்டறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, பாத்தா உங்களுக்குத் தாங்காது."

தாங்காதுதான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதுகுக்குப் பின்னால் கத்தரி ஒருமுறை நீளமாக ஓடியது.

"ஆச்சுங்க."

"அதுக்குள்ளயா? ரெண்டு பக்கமும் ஆச்சா?"

"டேப்பை வச்சுப் பாருங்க. மூணடி, ஒரு நூல் கூடக் குறையல."

அவர் திரும்பியபோது படம் திரைத்துணி சுற்றி, கயிறு கட்டித் தயாராக இருந்தது. துணிக்கு மேலேயே டேப் வைத்துப் பார்த்தார். மூன்றடிதான்.

"அந்த வெட்டின துண்டு?"

"துண்டுத்துணி மூட்டையில போட்டிருக்கேன். கிளம்புங்க, டாக்டரம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

தெருவில் நடக்கும்போது கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷம் பொங்கியது. நாலு தப்படி போனதும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பாவம், ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்தவன். போகட்டும், அடுத்த தடவை குடை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஹாலில் ஆஸ்பத்திரி ஊழியர் ஏணி போட்டு, படத்தைச் சட்டத்தில் பொருத்தி, கண்ணாடி மூடினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடிக்காரர் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். மலை இருந்தது. ஏரி இருந்தது. மச்சினன் இல்லை. அதுவரைக்கும் எல்லாம் சரி.

மரமும் இல்லை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். எந்தக் கண்ணுக்கும் மரம் அகப்படவில்லை. வாசலே இல்லாத படம்! இறக்கிப் பார்த்துவிடலாம் என்று ஏணியில் கால் வைத்தபோது டாக்டரம்மா வந்துவிட்டார்.

"அடேயப்பா!" என்று நின்றார். "மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாம அப்படியே திறந்து கிடக்கு. வேற யாராவதா இருந்தா ஓரத்துல ஒரு மரத்தை வச்சிருப்பாங்க. நீங்க எப்படித் தைரியமா விட்டீங்க?"

"அது... ரொம்ப யோசிச்சுத்தான் மேடம்" என்றார் கண்ணாடிக்காரர்.

மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுந்து வந்தார். "அந்த மலைக்கு நடந்தே போயிடலாமா சார்? கண்ணு சரியானதும் போய்ப் பாக்கணும் போல இருக்கு" என்றார். பதினான்கு வருடத்தில் அவர் படத்தைப் பார்த்து வழி கேட்ட முதல் ஆள். கண்ணாடிக்காரர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். போகும் வழி, பஸ் நம்பர், எங்கே இறங்க வேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னார்.

ஆனாலும் மரம் மரம்தானே? கடையை அடைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தார்.

"என் மரம் எங்க?"

தையல் மெஷின் நின்றது.

"எந்த மரங்க?"

"கோடு போட்டுக் குடுத்தேனே!"

"போட்டீங்க. கோட்டு மேலயே யாராவது வெட்டுவாங்களா? தையலுக்கு இடம் விட வேண்டாமா? அரை அடி தள்ளி வெட்டினேன்."

"தள்ளின்னா அந்தப் பக்கம் தள்ளணும்! என் துண்டுலேருந்தா எடுப்பாங்க?"

"எந்தத் துண்டு முக்கியமோ, அதுக்குத்தாங்க இடம் விடுவோம்."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப வலது பக்கம் வெட்டவே இல்லையா?"

"நீங்கதானே வால்தான் அழகுன்னீங்க. முழுசா விட்டுட்டேன்."

மெல்ல மெல்ல அவருக்கு விளங்க ஆரம்பித்தது. நீலச் சட்டை. இஸ்திரி மடிப்பு. துண்டுத்துணி மூட்டையைப் பார்த்தார். அதில் படத்துண்டு எதுவும் இல்லை.

"தம்பிக்குப் புதுசா ஒரு பொண்ணு பாத்திருக்கோம்ல, அந்தப் பொண்ணோட அத்தை இன்னைக்கு ஜன்னல் திரை வாங்க வந்தாங்க, அவங்ககிட்ட திரையோட சேத்துச் சுருட்டிக் குடுத்தனுப்பிட்டேன்" என்றாள். "தம்பி கண்ணைத் திறந்துக்கிட்டு நிக்கிற ஒரே படம் இந்த உலகத்துல அதுதாங்க. படம் எடுக்கிறது அவனுக்கே தெரியாது. மேகம் விலகறப்ப, மரத்துகிட்ட போய் நின்னு வாத்து இருக்கான்னு பாருடான்னு அனுப்பினேன்."

"வாத்து இருந்துச்சா?"

"அந்த ஏரியில வாத்தே கிடையாதுங்க."

"சரி, ஆளை எடுத்துக்கிட்டே. மரம் எதுக்கு?"

"தனியா நின்னா வழி தெரியாம நிக்கிறவன் மாதிரி இருந்தான். மரத்தோட நின்னா ஏதோ சொந்த இடத்துல நிக்கிற மாதிரி ஒரு களை வந்துடுச்சு. எல்லாரும் உள்ளங்கை அளவுல படம் அனுப்புவாங்க, இவங்க ஜன்னல் அளவுல அனுப்பியிருக்காங்களேன்னு அங்க ஒரே சிரிப்பாம். ஆனா பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு. நேர்ல வரச் சொல்லியிருக்காங்க." அவள் குரல் கரகரத்தது. "மூணு இடத்துல வேண்டாம்னாங்கங்க. வரச் சொன்னது இதுதான் முதல் தடவை."

கண்களைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரரின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். கொக்குக்கு ஒரு துணை கிடைத்தால் நல்லதுதானே?

"போகட்டும் விடு. ஒரு மரம்தானே" என்று பெருந்தன்மையோடு எழுந்தார்.

"இன்னொண்ணுங்க. இவ்வளவு லட்சணமா எடுத்தது யாரு, கல்யாணத்துக்கும் அவரே எடுக்கட்டும்னு பொண்ணு கேட்டுச்சாம்."

"நான் ஆள் படம் எடுக்கிறதில்லன்னு..."

"எடுப்பார்னு சொல்லிட்டேன். அதே ஏரி, அதே மரத்தடியிலதான் எடுக்கணுமாம். கவலைப்படாதீங்க, உங்க மரம் உங்களுக்கே திரும்பி வந்துடும். என்ன, எல்லாப் படத்துலயும் முன்னாடி தம்பி நிப்பான்."