மீன் லொறிக்குள் இருந்து ஒரு நேரடிப் பேட்டி

முதல் நாவல் போட்டவனை வீதியில் கண்டால் தெரிந்த சனம் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடும். அவன் தோளில் ஒரு பை தொங்கும். பைக்குள் அவனுடைய புத்தகம் இருக்கும். "எப்பிடித் தம்பி, சுகமோ?" என்று ஒரு வார்த்தை கேட்டீர்களோ, துலைஞ்சுது அலுவல். நீங்கள் கையில் மீனும் பையுமாக நின்றாலும் சரி, அவன் புத்தகத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டு, கதைச் சுருக்கத்தையும் சொல்லித்தான் விடுவான்.

நான் அதிலும் ஒரு படி மேலே. பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் டொக்டருக்குக் கதை சொன்னவன் நான். (வாய்க்குள் பஞ்சு இருந்தது. மனுசனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் விட்டேனா?)

நாவலின் பெயர் "உப்புக்காற்றில் ஒரு பெருமூச்சு". கதாநாயகி ஏஞ்சலா முதல் அத்தியாயத்தில் கடற்கரைக்கு வந்து பெருமூச்சு விடத் தொடங்குவாள். கடைசி அத்தியாயத்திலும் அங்கேதான் நிற்பாள். நடுவில் சூரியன் பல தடவை மறையும். அந்த வயதில் அதைத்தான் இலக்கியம் என்று நம்பினேன். அச்சடித்த பிரதிகளில் பெரும்பங்கு என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அம்மா கூட்டுமாறு போட்டுக் கூட்டும்போதெல்லாம் "உன்ர பெருமூச்சைக் கொஞ்சம் அங்கால அரக்கி வை" என்று சொல்லுவா.

அப்பாவோ வேறு ரகம். மன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிறவர்களில் அவரும் ஒருவர். கொடுத்த பிரதியை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "நல்ல பாரம்" என்று மட்டும் சொன்னார். பிறகு பார்த்தால் அது பட்டறையில் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அட்டை முழுக்கக் கிறீஸ்! எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. (அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. அது இன்னும் கோபம்.)

"வாசிச்சனீங்களோ அப்பா?" என்று ஒருநாள் மானம் விட்டுக் கேட்டேன்.

"எனக்கெங்க நேரம்? அது கிடக்கட்டும், சித்தப்பாவின்ர கந்தோரில கணக்கெழுத ஆள் தேடுகினம். வாற திங்கட்கிழமை போய்ச் சேர்."

சித்தப்பா மீன் வியாபாரி. பெரிய கூலர் லொறி ஒன்று வைத்துக் கொழும்புக்கு மீன் ஏற்றுகிறவர். அவருடைய கந்தோரில் இருந்து எழுந்து வருகிறவனுக்குப் பக்கத்தில் பூனைகள் மட்டும்தான் ஆசையாக நடக்கும். நானா? நாவலாசிரியன்! போவேனா?

அந்தக் கிழமைதான் கொழும்பில் இருந்து அந்த ரெலிபோன் வந்தது. ஒரு வானொலி நிலையம். தேனில் தோய்த்த குரலில் ஒரு அறிவிப்பாளினி.

"வணக்கம். உங்கள் நாவல் எங்களுக்குக் கிடைத்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு உங்களை நேரலையில் தொலைபேசி வழியாகப் பேட்டி காண விரும்புகிறோம். சத்தமில்லாத ஓர் இடத்தில் இருந்து பேசுங்கள்."

ஐயோ, நான் துள்ளின துள்ளலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பட்டறைக்கு ஓடிப்போய் மூச்சு வாங்க வாங்க அப்பாவிடம் சொன்னேன். அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே, "சரி, அதையும் பாப்பம். சனிக்கிழமைக்குப் பிறகும் ஒருத்தரும் உன்ர புத்தகத்தைத் தேடேல்லையெண்டால் திங்கட்கிழமை கந்தோர். சரியோ?" என்றார்.

"சரி!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. சனிக்கிழமைக்குப் பிறகு இலங்கையே என் வீட்டு வாசலில் நிற்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. அம்மா எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டா. கோயில் மண்டபத்துக் கதிரைகள் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டன. பற்றிஸ் பொரிபடுகிறது, தேத்தண்ணி கொதிக்கிறது, ரேடியோ முழுச் சத்தத்தில் அலறுகிறது. சத்தமில்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? மொட்டை மாடியில் ஏறினேன். சோழகக் காற்று காதைப் பிய்த்தது. கோட்டைப் பக்கம் ஓடினேன். அங்கே இரண்டு கழுதைகளுக்குள் ஏதோ குடும்பப் பிரச்சினை. கோயிலுக்குள் போனால் பாடகர் குழு பயிற்சி எடுக்கிறது. மாதாவே! நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, சித்தப்பாவின் வளவில் நின்ற கூலர் லொறி. சுற்றிவரத் தடித்த பைபர் பெட்டி. உள்ளே ஐஸ் பெட்டிகளும் வெறும் மீன் பெட்டிகளும் மட்டும். லொறி ஆறு மணிக்குப் பிறகுதான் வெளிக்கிடும் என்று எனக்குத் தெரியும். உள்ளே ஏறிக் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினேன். அடடா! காற்றும் இல்லை, கழுதையும் இல்லை. நல்ல மணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரேடியோவில் மணம் போகாதே! என்ன மூளையடா உனக்கு என்று என்னை நானே மெச்சியபடி, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதில் குந்தினேன்.

சரியாக நாலு மணிக்குக் கைத்தொலைபேசியில் அழைப்பு வந்தது.

"நேயர்களே, மன்னார்த் தீவில் இருந்து ஒரு புதிய குரல்!" என்றா அறிவிப்பாளினி. "உங்கள் நாவலின் கரு எப்படிப் பிறந்தது?"

"மனித மனம் என்பது ஒரு கடல்..." என்று தொடங்கினேன். (கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கிய வசனம்.)

அந்த நேரம் பார்த்து வெளியில் சாரதி சூசை அண்ணனின் குரல்.

"ஆரடா இந்தக் கதவைத் திறந்துவிட்டது? ஐஸ் எல்லாம் உருகப்போகுது! மூளை கெட்டதுகள்!"

படார்! கதவு மூடிக்கொண்டது. வெளியால் கொளுக்கி விழுகிற சத்தம் கேட்டது. கும்மிருட்டு.

மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் "சூசை அண்ணே!" என்று கத்தியிருப்பான். ஆனால் நான் நேரலையில் இருந்தேனே! இலங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மனித மனம் ஒரு கடல் என்று சொன்ன வாயால் சூசை அண்ணனைக் கூப்பிடுவதா? மானம் என்னாகிறது? பேட்டி முடிய ஆறுதலாகக் கூப்பிடலாம் என்று, "அந்தக் கடலின் ஆழத்தில்..." என்று தொடர்ந்தேன்.

லொறி ஸ்டார்ட் ஆனது.

முள்ளிக்குளம் கடற்கரையில் நல்ல மீன் பட்டிருக்கிறது, உடனே போய் ஏற்று என்று சித்தப்பா சூசை அண்ணனுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். அது எனக்கெப்படித் தெரியும்? முதல் திருப்பத்தில் நான் இருந்த பெட்டி வழுக்கியது. "ஆழத்தில்... அம்மா!" என்றேன்.

"ஆகா, தாய்மைதான் உங்கள் நாவலின் ஆழம் என்கிறீர்கள்" என்றா அறிவிப்பாளினி.

"ஓம் ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? ஒரு ஐஸ் பெட்டி கவிழ்ந்து, அதில் பாதி என் சேர்ட்டுக்குள் போயிருந்தது. பல்லுகள் தந்தி அடிக்கத் தொடங்கின.

"உங்கள் குரலில் ஒரு நடுக்கம் தெரிகிறதே! அவ்வளவு உணர்ச்சி! இந்த நேரத்தில், நாவலில் இருந்து ஒரு பகுதியை நேயர்களுக்கு வாசித்துக் காட்டுங்களேன்."

பையோடு புத்தகம் எந்த மூலைக்கு உருண்டதோ தெரியவில்லை. கையில் இருந்திருந்தாலும் அந்த இருட்டில் எதை வாசிக்க? லொறி வேகம் எடுத்தது. பயம் தலைக்கேறியது. மானமாவது மண்ணாங்கட்டியாவது! வாய்விட்டுக் கத்தினேன்.

"ஐயோ, நான் ஒரு மீன் லொறிக்குள்ள அடைபட்டுக் கிடக்கிறன்! கண் தெரியேல்லை! கை விறைச்சுப் போச்சு! ஆராவது கதவைத் திறவுங்கோ! அம்மா, நான் செத்துப்போனா எங்கட மீசைக்கார மாமாவைச் செத்த வீட்டில பேச விடாதேங்கோ, அந்தாள் தொடங்கினா நிப்பாட்டாது! அப்பா! அப்பா, எங்க நிக்கிறீங்கள்? என்னை வந்து எடுங்கோ அப்பா! நான் கந்தோருக்குப் போறன்!"

ரெலிபோனில் மெல்லிய வயலின் இசை கேட்டது. சத்தியமாக! நான் கத்தக் கத்த வயலினைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நான் சுவரில் அடித்தேன். அதற்குத் தக்கபடி ஒரு தபேலாவும் சேர்ந்தது. கடைசியில் சிக்னல் அறுந்தது.

"என்ன ஒரு வாசிப்பு!" என்று அறிவிப்பாளினி தழுதழுத்தாவாம். அதைப் பிறகுதான் சொன்னார்கள்.

சொன்னது வேறு யாருமில்லை, சூசை அண்ணன்தான். முன்னால் இருந்து ரேடியோவில் முழுப் பேட்டியையும் கேட்டுக்கொண்டல்லவா வந்திருக்கிறார்! "தம்பி, நான் அழுதிட்டன். இவ்வளவு காலம் லொறி ஓடுறன், உள்ளுக்குள்ள இருக்கிற ஒரு உயிரைப் பற்றி ஒருக்காலும் யோசிச்சதில்லையே எண்டு நினைச்சன்." பின்னால் அடித்த சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டேன். "கேட்டது, கேட்டது. மீன் பெட்டியள் ஆடுதெண்டு நினைச்சு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டனான்."

மன்னார்ப் பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் தெரிகிற நெடுவீதியில் லொறி போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தபடி பறந்து வந்திருக்கிறது. சூசை அண்ணன் ஓரங்கட்டி, தலையை வெளியே நீட்டி, கண்ணைத் துடைத்தபடி கேட்டாராம்: "அண்ணை! ரேடியோ கேட்டனீங்களோ? உங்கட மகன் என்னமா வாசிச்சவன்!"

"கதவைத் திறவடா!" என்றார் அப்பா.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. தலையில் ஐஸ், சேர்ட்டில் செதில், கையில் செத்த ரெலிபோன். அப்பா கிறீஸ் படிந்த கையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். என்னைப் பிடித்து இறக்கினார். தன் சேர்ட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேளை, ஐஸ் தண்ணியோடு தண்ணியாகப் போய்விட்டது.

மோட்டார் சைக்கிளில் ஏறி, பாலத்தால் திரும்பி வரும்போதுதான் எனக்கு யோசனை ஓடியது. கேட்டவ‌ர் எல்லாரும் நாவல் என்று நம்பினார்கள். வயலின் போட்டவர்கள் நம்பினார்கள். லொறி ஓட்டின சூசை அண்ணனே நம்பினார்.

"அப்பா, உங்களுக்கு மட்டும் எப்பிடி அது உண்மையெண்டு தெரிஞ்சது?"

"உன்ர புத்தகத்தில எங்க லொறி வருது? ஒரு சைக்கிள்கூட இல்லை. அந்தப் பெட்டை முழுக்க முழுக்கக் கடற்கரையிலதானே நிக்கிறாள்."

நான் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிக் கேட்டேன்.

"வாசிக்க நேரமில்லையெண்டெல்லே சொன்னனீங்கள்?"

"வாயை மூடிக்கொண்டு இறுக்கிப் பிடி. காத்து அடிக்குது" என்று அப்பா வேகத்தைக் கூட்டினார். நான் இறுக்கிப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தால், ஒழுங்கைச் சனம் முழுக்கக் கண்ணைத் துடைத்தபடி பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. என்னைக் கண்டதும் கைதட்டினார்கள். அம்மாதான் நடந்ததைச் சொன்னா. எல்லாரும் "அருமை, அருமை" என்று உருகிக்கொண்டிருந்தபோது, அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாராம். "இது அவன் எழுதினதில்லை! அவன் இவ்வளவு நல்லா எழுதமாட்டான்! பெடியன் உண்மையாவே எங்கயோ மாட்டுப்பட்டுக் கிடக்கிறான்!" என்று கத்திக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு சித்தப்பாவின் வளவுக்கு ஓடினாராம். என் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான். அந்த விமர்சனத்தால்தான் உயிரோடு இருக்கிறேன்.

அடுத்த நாளே புத்தகம் தேடிச் சனம் வந்தது! கட்டிலுக்குக் கீழே இருந்ததெல்லாம் காலி. கந்தோர்க் கதையும் அதோடு முடிந்தது. ஆனால் இன்றைக்கும் யாராவது ரெலிபோன் எடுத்து, "அந்த லொறிக் கட்டம் எத்தனையாம் பக்கத்தில இருக்குது? நானும் தேடுறன், தேடுறன், ஒரு பெட்டை பெருமூச்செல்லே விட்டுக்கொண்டு நிக்கிறாள்?" என்று என்னை ஏசுகிறார்கள்.

வீட்டில் அதுவே ஒரு அளவுகோலாகப் போய்விட்டது. நான் எழுத வராமல் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தால், "சித்தப்பாவின்ர லொறி சும்மாதான் நிக்குது, ஏறி இரன்" என்பா அம்மா. எழுதி முடித்த அத்தியாயங்களை இப்போது நானே பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். பெரும்பாலும், "இது லொறிக்கு வெளியில நிண்டு எழுதினது" என்ற தீர்ப்போடு திரும்பி வரும்.

போன மாதம் இரண்டாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் அப்பா தாள்களைக் கொண்டுவந்து தந்தார். மூலையெல்லாம் கிறீஸ் விரல் அடையாளம்.

"ம்ம்" என்றார். "உள்ளுக்குள்ள நிண்டுதான் எழுதியிருக்கிறாய். கதவும் பூட்டித்தான் கிடக்கு."

சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பட்டறைக்குப் போய்விட்டார்.