பட்டாலியன் போட்ட ரோடு

ஒரு தோட்டாகூடச் சுடாமல் இமயமலையைத் தோற்கடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் அபிராமபுரத்தில், எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தி.நகர் அச்சகம் ஒன்றில் பிழைதிருத்தும் வேலை கிடைத்துக் கும்பகோணத்திலிருந்து வந்தேன். தங்க இடம் கிடைத்தது அபிராமபுரத்தில் ஒரு பழைய லாட்ஜில். முதல் நாளே மேனேஜர் எச்சரித்தார். "பதினேழாம் நம்பர்ல பட்டாலியன் இருக்காரு. ரோட்டைப் பத்தி மட்டும் அவர்கிட்ட பேச்சு கொடுத்துடாதீங்க. ஆபீசுக்கு லீவு போட வேண்டியிருக்கும்."

பட்டாலியன் என்றால் ரிட்டயர்டு ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தின் கட்டுமானப் பட்டாலியன் ஒன்றில் இருந்தவர். அறுபது வயதிலும் ஆணி அடித்து மாட்டியது போல் நேராக நிற்பார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். அவர் சின்ன ரசமட்டம் ஒன்று வைத்திருப்பார். மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் மேஜைமேல் அதை வைத்துப் பார்ப்பார். நீர்க்குமிழி நடுவில் நிற்காவிட்டால் மேஜைக் காலுக்கு அடியில் நாலாக மடித்த காகிதத்தைச் சொருகிவிட்டுத்தான் சாம்பாரைத் தொடுவார்.

ராணுவம் என்றதும் லாட்ஜ்காரர்களுக்கு ஒரே ஆர்வம். வங்கிக்காரர் ஒருவர் கேட்டார். "எத்தனை பேரைச் சுட்டீங்க சார்?"

"நாங்க யாரையும் சுடலை. நாங்க போட்டோம்."

"குண்டா?"

"ரோடு."

கேட்டவர் முகம் தொங்கிவிட்டது. பட்டாலியனுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. "சீனாக்காரன் வந்தப்பதான் மலைமேல ரோடே இல்லைன்னு சர்க்காருக்குத் தெரிஞ்சுது. உடனே எங்களைச் சேர்த்தாங்க. கையில துப்பாக்கி குடுப்பாங்கன்னு போனோம், கடப்பாரை குடுத்தாங்க. டீசல் உறைஞ்சிடும். புல்டோசருக்கு அடியில அடுப்பு மூட்டி எழுப்புவோம். மேல போற சிப்பாய் எங்களைப் பார்த்து 'ஏய் கூலி'ன்னு கத்துவான். கத்திக்கிட்டே எங்க ரோட்டுலதான் போவான்!"

அவர் பேச்சில் 'நாங்க' தவிர வேறு எழுவாயே கிடையாது. "நாங்க இன்னிக்கு லஸ் வரைக்கும் நடந்தோம்" என்பார். கூட ஒரு ஆள் போயிருக்க மாட்டார்.

ஒருமுறை எங்கள் தெருவுக்குத் தார் போட வந்தார்கள். பட்டாலியன் ஆபீஸ் அறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி வந்தான்.

"இன்னா பெர்சு, நடுரோட்ல குந்திக்கினு கீறே? எந்திரி."

"நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் சரியணும். நீ போடறது தட்டையா இருக்கு. தண்ணி எங்க போவும்?"

"மழ வந்தா பாத்துக்கலாம் நைனா."

"மழை வந்தா பாத்துக்கலாம்னு நாங்க இருந்திருந்தா இந்த நாடே இருந்திருக்காது!"

நாட்டையே இழுத்த பிறகு மேஸ்திரி என்ன செய்வான்? லாட்ஜுக்கு எதிரே ஐம்பதடிக்கு மட்டும் அவர் சொன்னபடி போட்டுவிட்டு ஓடிப்போனான். கார்த்திகை மழையில் தெரு முழுக்க ஏரியானது. அந்த ஐம்பதடி மட்டும் தீவாக நின்றது. ஆட்டோக்கள், தெரு நாய்கள், பூக்காரம்மாவின் கூடை எல்லாம் அங்கே குடியேறின. பட்டாலியன் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவராவது தலையை நிமிர்த்தி ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. யாரும் நிமிரவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "லீவுல வந்து பொண்ணு பார்க்கலாம்னு இருந்தோம். ஒவ்வொரு தடவையும் மலை சரிஞ்சிடும்" என்பார். அவருடைய பட்டாலியனையும் பிற்பாடு கலைத்து வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். நம்பர்கூட இல்லாமல் போய்விட்டது.

ஒரு தீபாவளிக்கு எனக்கு மஞ்சள் காமாலை. லாட்ஜே ஊருக்குப் போய்விட்டது. மிச்சம் நானும் அவரும் வாட்ச்மேனும். காலை ஆறு மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து குரல் கேட்டது. ஒவ்வொரு பேராக வாசித்தார். குர்பச்சன் சிங். தாமஸ். ஏழுமலை. ஒவ்வொரு பேருக்கும் பிறகு, ஒரு ஆள் 'ஆஜர்' சொல்லும் அளவுக்கு நேரம் விட்டார். பிறகு அடுத்த பேர். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது பேரைத் தாண்டியதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். தினமும் இது நடக்கிறது, மற்ற நாட்களில் லாட்ஜ் இரைச்சலில் கேட்பதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தக் காமாலைக்கு இளநீர், மோர், கஞ்சி எல்லாம் அவர்தான் கொடுத்தார். கூடவே ஆறு நோட்டுப் புத்தகங்களையும் கொடுத்தார். பட்டாலியனின் வரலாறு. "சண்டை போட்டவனுக்கெல்லாம் புத்தகம் இருக்கு. எங்களுக்கு இல்லை. நீங்க பிழைதிருத்தற ஆளு. பாருங்க தம்பி."

எழுத்துப் பிழையைவிட வளைவுகள்தான் அதிகம். முதல் கொண்டை ஊசி வளைவுக்குப் பன்னிரண்டு பக்கம். இரண்டாவதுக்குப் பதினாறு. ஏழாவது வளைவுக்கு வந்தால் ஒரே ஒரு வரி: 'இங்கே வேலை எட்டு நாள் நின்றது.'

"ஏன் சார் நின்னுது?"

"அது அவ்வளவுதான் தம்பி" என்றவர், கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனார்.

அடுத்த ஆண்டு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பட்டாலியன் தொடங்கிய நாளன்று பழைய ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். அவர் தினமும் வாசிக்கும் பட்டியலில் இருந்த தென்னாட்டுக்காரர் அத்தனை பேருக்கும் கார்டு எழுதினோம். நான் விலாசம் எழுத, அவர் 'கட்டாயம் வரவும்' என்று அடியில் கோடு போட்டார். கோடும் ரசமட்டம் வைத்துத்தான்.

கார்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. விலாசதாரர் இல்லை. வீடு மாறிவிட்டார். காலமானார். அவர் ஒவ்வொன்றையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தபால்காரன் சரியாத் தேடலை" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஷாமியானா கட்டி, அண்டா நிறைய மட்டனும் பூரியும் செய்து வைத்துவிட்டு, மெடல் குத்திய கோட்டோடு மாடிப்படியைப் பார்த்தபடி நின்றார். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. லாட்ஜ்காரர்கள் வாசனை பிடித்து மேலே வந்து, சாப்பிடக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றார்கள். நான் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கப் பூரிகளை மூன்று முறை அடுக்கினேன்.

பதினொன்றரைக்கு வாட்ச்மேன் மேலே வந்தார். "சார், ஒரு அம்மா வந்துகீது. கார்டு வச்சிக்கினு நிக்குது."

ஐம்பது வயதிருக்கும். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து நடந்தே வந்திருந்தார். பேர் தனம். கார்டை நீட்டினார்.

"நான் ஏழுமல ஊட்டுக்காரிங்க. அவரு பேருக்கு கார்டு வந்துச்சி. செத்துப் போனவருக்கு யாரு கார்டு போடுவாங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

பட்டாலியன் அந்தக் கார்டை வாங்கிக்கொண்டார். "பட்டியல்ல பேர் இருந்தா கார்டு போவணும்மா" என்றார்.

"அவரு எங்க செத்தாரு, எப்டி செத்தாருன்னு இத்தினி வருஷமா ஒருத்தரும் சொல்லல. தந்தி வந்துச்சி. பின்னாடி ஒரு பொட்டி வந்துச்சி. தெறந்தா உள்ள கம்பளி சொக்கா. இந்த ஊரு வெயில்ல கம்பளிய வச்சி நான் இன்னா பண்றது? சண்டையில செத்தாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன். நீயாச்சும் சொல்லு."

பட்டாலியன் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "தம்பி, சுண்ணாம்பு வேணும்."

சுவருக்கு வெள்ளையடிக்க மேனேஜர் கரைத்து வைத்திருந்த வாளியைத் தூக்கி வந்தேன். பட்டாலியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணியைச் சுண்ணாம்பில் நனைத்துத் தரையில் இழுக்க ஆரம்பித்தார். படிக்கட்டு வாசலில் தொடங்கி, கைப்பிடிச் சுவரோரம் போய், திரும்பி, மறுபடி ஏறி, துணி காயப்போடும் கம்பிகளுக்கு அடியில் வளைந்து, தண்ணீர்த் தொட்டி வரை. மலைப்பாதை முழுவதும் வந்துவிட்டது. மேனேஜர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். வங்கிக்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இதாம்மா ரோடு. வா, காட்டறேன்."

தரை கொதித்தது. தனம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைத்தார். நான் குடத்துத் தண்ணீரை அவர் காலுக்கு முன்னால் ஊற்றிக்கொண்டே போனேன். பட்டாலியன் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இங்கே ஆறு. இங்கே கம்பி வலையில் கல் அடைத்துச் சுவர் கட்டினோம். இங்கே ஏழுமலை தன் பெண் பிறந்த செய்தி கேட்டு எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தான். அந்தம்மா தலையாட்டிக்கொண்டே நடந்தார்.

ஏழாவது வளைவில் பட்டாலியன் நின்றார்.

"இங்கதாம்மா. பாறையில ஒன்பது வெடி வச்சோம். எத்தனை வெடிச்சுதுன்னு எண்ணறது என் வேலை. எட்டுதான் வெடிச்சிருக்கு. மலையில எதிரொலி கேக்கும். அதையும் சேர்த்து நான் ஒன்பதுன்னு எண்ணிட்டேன். 'சரி, போ'ன்னு நான்தான் சொன்னேன். அவன் கல்லை அள்ளப் போனான்."

 அந்த மனிதர் அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் அட்டென்ஷனில் நின்றார். அந்தம்மா அடித்திருந்தாலும் அப்படியேதான் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

தனம்மா குனிந்தார். உட்கார்ந்து அந்த வளைவைக் கையால் தொட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ரோடு இப்பவும் கீதா?"

"இருக்கும்மா. பஸ் போவுது. ஸ்கூல் பசங்க போறாங்க."

"ஸ்கூலு பசங்களா?" என்றார். இரண்டு மூன்று முறை அதையே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்தார். "சரி வா. மிச்சத்தியும் காட்டு."

அவர்கள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தார்கள். யாரும் சொல்லாமலே லாட்ஜ்காரர்கள் அத்தனை பேரும் ஒதுங்கி வரிசையாக நின்றார்கள். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மட்டனில் உப்பு கரித்தது. ஒருவரும் சொல்லவில்லை, தனம்மாதான் சொன்னார்.

அந்த வாரமே ஏழாவது வளைவுக்குப் பட்டாலியன் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. பதிப்பாளர்கள் ஒருவரும் அந்தப் புத்தகத்தைப் போட முன்வராததால், ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் பண்ணிக் கொடுத்தேன். ஒரு பிரதியைத் தனம்மாவிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி வாசித்துக் காட்டுவாளாம். சந்தேகம் வரும் இடங்களில் பேத்தி கேட்பாளாம். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாலியன் அடையாறு வரை நடக்க ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் கழித்து வடபழனியில் எனக்குக் கல்யாணம். பட்டாலியன் முந்தின நாளே மண்டபத்துக்கு வந்து, மணமேடை இரண்டு விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அலங்காரக்காரர்களை வைத்துப் பலகை செருகினார். முகூர்த்தம் முடிந்து குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போது, கூப்பிட்டும் வராமல் ஒரு தூண் ஓரமாக நின்றிருந்தார். நான் மாலையோடு இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

பெரியப்பா என் காதில் கிசுகிசுத்தார். "யாருடா இவரு? பொண்ணு வீட்டுக்காரங்களா?"

"இல்ல பெரியப்பா" என்றேன். "நம்ம வீடு."