ஏழு நிற மெமரி

“ஏங்க, இதைப் பாருங்க. ஒரு சின்னத் திருத்தம் பண்ணினா, முழு வீடியோவும் திரும்ப ரெடியாக ஒரு மணி நேரமாம்!”

மனைவி கத்திய கத்தலில், மருந்துக்கடைக்காரர் வாயில் பல்துலக்கியோடு ஓடி வந்தார்.

திரையில் பள்ளி ஆண்டு விழா. மூன்று வாரமாக அவள் வெட்டி ஒட்டிய வீடியோ. மாலை ஆறு மணிக்குத் தலைமையாசிரியையே நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் அந்தப் பள்ளியின் அத்தனை விழாவும் இனி இவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த தெரு ஸ்டூடியோக்காரருக்கு.

“மெமரி பத்தலை. கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. உங்க கார் ரேஸ் கேமுக்கும் நல்லது.”

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

“அந்தச் சிவப்பு மாத்திரை குடுங்க” என்று நிறத்தைச் சொல்லி மருந்து கேட்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்புகிறவர் அவர். அப்பேர்ப்பட்டவர், கம்ப்யூட்டர் கடையில் ஏழு நிறத்திலும் மாறி மாறி மின்னிய இரண்டு பட்டைகளைப் பார்த்ததும் பொம்மைக் கடையில் விட்ட பிள்ளையாகிவிட்டார்.

“இதைக் குடுங்க.”

“உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே மெமரி இருக்குல்ல சார்?” என்றார் கடைக்காரர்.

“இருக்கு, இருக்கு. பக்கத்துல ரெண்டு இடம் காலியாவும் இருக்கு.”

“அப்போ கச்சிதமா உட்காரும்.”

உட்கார்ந்தது. விளக்கை ஆட்டி வைக்க ஒரு தனி மென்பொருள் வேண்டுமாம், அதையும் ஏற்றினார். அறையே ஜொலித்தது.

“பார்த்தியா வேகத்தை?”

“ரெண்டு மணி நேரம்னு காட்டுதுங்க!”

“புது மெமரி. பழக வேண்டாமா?”

அவர் தன் மைத்துனருக்குப் போன் போட்டார். ஊரில் யாருக்கு எது பழுதானாலும் யோசனை சொல்பவர். சரியானதாகச் சரித்திரம் இல்லை.

“மாமா, நீலத்துல விட்டா தூங்கும். சிவப்புல வைங்க, பறக்கும்!”

சிவப்பில் வைத்தார். வெளிச்சம் திரையிலும் விழுந்தது. பிள்ளைகள் முகமெல்லாம் ஒரேயடியாகச் சிவந்திருக்கிறதே என்று அவள் ஒவ்வொரு காட்சியாகச் சிவப்பைக் குறைத்தாள். மூன்று மணிக்கு அவருக்குச் சிவப்பு அலுத்துப்போய் வெள்ளைக்கு மாற்றினார். மேடையில் நின்ற நாற்பது பிள்ளைகளும் படகில் வாந்தி வரும் நிலையில் இருப்பவர்களைப் போலப் பச்சையாக நின்றார்கள்.

“ஐயோ! என் மூணு வார உழைப்பு!”

அவள் அழுதேவிட்டாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பழைய நிறத்துக்குத் திருப்ப உதவினார். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. பொத்தானை அழுத்தினார்கள்.

நான்கு மணி நேரம் என்று காட்டியது.

“கழட்டுங்க அதை!”

மறுபேச்சில்லாமல் கம்ப்யூட்டரை நிறுத்தி, இரண்டு பட்டைகளையும் பிடுங்கினார். மறுபடி போட்டதும், நாளெல்லாம் கம்ப்யூட்டரின் சக்தியை உறிஞ்சி விளக்கை ஆட்டிய அந்த மென்பொருள், விளக்கைக் காணோம் என்று சொல்லிவிட்டுத் தானே மூடிக்கொண்டது. திரையில் ஒரு மணி நேரம் என்று வந்தது. காலையில் அவள் கத்தியது இதற்குத்தான். இப்போது கைகூப்பினாள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தலைமையாசிரியை வந்தார். தேநீர் குடிப்பதற்குள் வீடியோ தயாரானது. கடைசிப் பாட்டு வரை பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்ப அழகா பண்ணியிருக்கேம்மா. இனிமே எங்க பள்ளி விழா எல்லாத்தையும் நீதான் எடுக்கணும்.”

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த மகிழ்ச்சியிலும் ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை.

“ஏங்க, மெமரியைக் கழட்டினா வேகம் குறையத்தானே செய்யணும்? இது எப்படிக் கூடிச்சு?”

மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டோஸ் அதிகமாயிடுச்சு. நல்ல மருந்தானாலும் அளவு மிஞ்சினா உடம்பு தாங்காது. மெமரியும் அப்படித்தான்.”

மேஜை மேலிருந்த காலிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை தலை நிமிர்ந்தார்.

“சார், இதுல மெமரியே கிடையாது, காலி இடத்துல அழகுக்கு வைக்கிற விளக்கு மட்டும்தான்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே!”