இரும்பு அண்ணாச்சியின் நூல் ஷாப்ட்

தென்காசியில் தொடங்கி மலை தாண்டிக் கொல்லம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், இரும்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கார் மெக்கானிக் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் வீட்டில் எவர்சில்வர் தம்ளர் கிடையாது. காபி பீங்கானில்தான் வரும். துணி காயப்போடக் கம்பி கிடையாது, நைலான் கயிறு. ஸ்பானரைக்கூடத் துணி சுற்றித்தான் பிடிப்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர்கள் கூடிப்பேசி வைத்த பெயர் இரும்பு அண்ணாச்சி. எங்கள் பக்கத்துக் குசும்பு அப்படி.

நான் அப்போது ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேலகரத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். வீடு கேட்டு முதல்நாள் போனபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெக்கானிக்கல் டீச்சரா? பொம்பளைப் பிள்ளையா இருந்துக்கிட்டு கார்ல கைய வச்சிருக்கீயளா, இல்ல புஸ்தகத்துல மட்டுந்தானா?"

"புஸ்தகத்துலதான் அண்ணாச்சி."

"அப்ப சரி. ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ரெண்டு மெக்கானிக் ஆகாது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே எனக்குக் கோபமும் வந்தது, அவரைப் பிடித்தும் போனது.

அண்ணாச்சிக்கும் இரும்புக்கும் பகை வந்த கதையை அவர் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லுவார். பழைய கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கும், ஓடுவது பின்சக்கரம். முன்னால் பிறக்கிற சக்தியைப் பின்னால் கொண்டுபோக வண்டிக்கு அடியில் ஒரு நீளமான இரும்புக் குழாய் சுழன்றுகொண்டே இருக்கும். அதுதான் ஷாப்ட். ஒருநாள் கேரள எல்லையில் புளியறை மேட்டில் அவர் வேகமாக ஏறும்போது அதன் முன்முனை கழன்று ரோட்டில் குத்தி, குழாய் எகிறி, காரின் அடித்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து அவருடைய இடது முழங்காலைப் பெயர்த்துவிட்டது. அன்றிலிருந்து நடை ஒரு பக்கம் சாய்வு.

"பக்கத்து சீட்டுல அவ இருந்தா டீச்சர். ஒரு சாண் தள்ளி வந்திருந்தா அவ காலு." அவ என்றால் மதினி, அவருடைய மனைவி. இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர் தன் காரின் முன்சீட்டில் ஒரு ஆளையும் ஏற்றவில்லை. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் மதினி பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்கு வாடகைக் கார் மாதிரி இருக்கும். "என்ன, ட்ரைவர் நல்லா ஓட்டுதாரா?" என்று பஜாரில் கேலி செய்வார்கள். மதினி சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஒரு சாரல் காலத்தில் அண்ணாச்சி செல்போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். சாய்ந்த காலோடு பதினெட்டுப் படி.

"இதப் பாருங்க. வெளிநாட்டு ரேஸ் காரு. இதுல ஷாப்டு இரும்பு இல்ல, கார்பன் நூலு! நூலத் துணியா நெய்து, பசை போட்டுக் குழாயாச் சுத்தி வச்சிருக்கான். சுண்டு விரல்ல தூக்குதான் டீச்சர்!"

நான் என் படிப்பையெல்லாம் திரட்டி விளக்கினேன். எடை குறைவு, எஞ்சினின் சக்தி வீணாகாது, அதனால்தான் வேகக்காரர்கள் போடுகிறார்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். ஒடஞ்சா என்ன ஆகும்?"

"நார்நாராப் பிஞ்சுரும். குத்தாது."

அவர் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே இறங்கிப் போனார். மறுவாரம் கறுப்புத் துணிச்சுருளும் பசை டப்பாக்களும் வந்து இறங்கின.

குற்றாலத்துச் சாரலில் அந்தப் பசை காயுமா? மூன்று நாள் ஆகியும் அல்வாப் பதத்திலேயே நின்றது. வெயில் வரும் வரைக்கும் பொறுங்கள் என்றேன். "சாரலுக்குப் பயந்தா தென்காசியில பொறந்திருக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, ஒரு நீளமான சிமெண்ட் குழாயைக் கொண்டுவந்து, உள்ளே வரிசையாகக் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, மேலே சாக்கைப் போர்த்திவிட்டார். சாக்கு இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கசியும். கோழிக்குஞ்சு பொரிக்கிறார் என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி தினமும் வந்து நின்றாள்.

"ஏய்யா, எப்பப் பொரிக்கும்? எனக்கு ரெண்டு பெட்டை எடுத்து வையி."

"இது பெட்டை இல்ல ஆச்சி, ஷாப்டு."

"என்ன எழவோ, ரெண்டு எடுத்து வையி."

முதல் ஷாப்ட் பொரிந்தது. எஞ்சினைப் போட்டு கிளட்சை விட்டதும் ஈரத்துண்டைப் பிழிந்தது மாதிரி முறுக்கிக்கொண்டது. துணியை நூல் நீளவாக்கில் நேராக ஓடும்படி சுற்றியிருந்தார். வேட்டியை மடிக்கிற மாதிரிதானே எந்தத் துணியையும் மடிக்க வேண்டும் என்பது அவர் வாதம். முறுக்கைத் தாங்க வேண்டுமானால் நூல் சாய்வாக ஓட வேண்டும், ஒரு சுற்று இந்தப் பக்கம், மறுசுற்று அந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அப்ப என் துணி தப்புங்கிறீயளா?"

"உங்க துணி சரி. நீங்க சுத்துனதுதான் தப்பு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கோணமானியை வைத்துக்கொண்டு துணியைச் சாய்த்து வெட்டிக்கொண்டிருந்தார். அவராக ஒப்புக்கொள்ளவேயில்லை, "என் நடையே சாய்வு, ஷாப்டும் அப்படி இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

இந்தத் தடவை ஷாப்ட் முறுக்கைத் தாங்கி நின்றது. ஆனால் முன்னால் கியர்பாக்ஸோடும் பின்னால் அச்சோடும் நிரந்தரமாகச் சேர்க்க இரண்டு முனையிலும் இரும்பு ஜாயிண்ட்தான் ஒட்டியாக வேண்டும். நான் அதைக் குத்திக்காட்டாமல் இருப்பேனா?

"அது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி டீச்சர். வேண்டாம்னு சொல்ல முடியாது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒட்டினார்.

புளியறை செக்போஸ்ட் பக்கத்தில் லாரி மெக்கானிக்குகள் கூடுகிற ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கேதான் கேலி உச்சத்தில் இருந்தது. "அண்ணாச்சி, நூலு அந்துட்டா ஊசி தாறோம்" என்பார்கள். அண்ணாச்சி அசரவில்லை. அதே மேட்டில், அதே கடைக்கு முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது நான் போய் முன்சீட்டுக் கதவைத் திறந்தேன்.

"பின்னால ஏறுங்க."

"கணக்குப் போட்டது நான். கணக்கு சரின்னா முன்னாலதான் உக்காரணும்."

"டீச்சர், சொன்னாக் கேளுங்க."

"கேக்க மாட்டேன்."

மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி என்னை முறைத்தார். நான் சீட் பெல்ட்டை மாட்டினேன். எனக்கும் பயம்தான், ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது.

வண்டி பறந்தது. இலஞ்சித் தோப்புகள் இரண்டு பக்கமும் பச்சைக் கோடாக ஓடின. மேட்டில் மூன்று லாரியை முந்தினோம். "பாத்தீயளா, பெர்பார்மன்ஸ்!" என்று அவர் கத்தினார். சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். பரோட்டாவோடு வெளியே வந்த கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் எவனோ ஒருவன், "மெதுவா உருட்டிட்டு வந்தா எதுவும் தாங்கும்லா" என்று சொல்லிவிட்டான். அண்ணாச்சி எஞ்சினை அலறவிட்டு, மேட்டைப் பார்க்க, கிளட்சை ஒரே விடாக விட்டார்.

'பட்'டென்று ஒரு சத்தம். எஞ்சின் கதறியது, வண்டி நகரவில்லை.

கூட்டம் சிரித்த சிரிப்பு கேரளா வரைக்கும் கேட்டிருக்கும். "ஏலே, நூலு அந்துட்டுலே!" என்று ஒருவன் ஆடினான். அண்ணாச்சி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். முன்னால் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"ரெண்டும் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

இறங்கி, எஞ்சினை அணைக்கக்கூட மறந்து, ஈர ரோட்டில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். நான்தான் சாவியைத் திருப்பினேன். வெகுநேரம் வரவில்லை. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்க்கப் போனேன். வெளியே வந்தபோது கையில் விளக்குமாறு மாதிரி ஒரு கொத்துக் கறுப்பு நார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒடஞ்சிட்டுலே!" என்று அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "நல்லாப் பாத்துக்கிடுங்க! ஒடஞ்சிருக்கு, வண்டியில ஒரு பொத்தல் இல்ல! ஒங்க இரும்பு ஒடஞ்சா இங்கன நிப்பியளாலே? இப்பச் சிரிங்கலே, சிரிங்க!"

தன் கைவேலை உடைந்ததைக் கொண்டாடிய மெக்கானிக்கை அந்தக் கடை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கட்டி இழுக்க ஒரு லாரிக்காரர் மனமிரங்கிச் சங்கிலியை எடுத்தார். "இரும்பா? வேண்டாம், கயிறு எடு" என்று அங்கேயும் அண்ணாச்சி சண்டை போட்டார். கயிறு கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டே பரோட்டா சாப்பிட்டோம்.

அடுத்த ஷாப்ட்டுக்கு இரண்டு சுற்று அதிகம் போட்டார். அது இன்றைக்கும் ஓடுகிறது. அதை மாட்டிய மறுநாள், நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கார் நின்றது. மதினி வழக்கம்போலப் பின்கதவுக்குப் போனாள்.

"ஏட்டி, அங்கன எங்க போற?" என்றது அண்ணாச்சியின் குரல். "முன்னால வா."

மதினி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். கார் குற்றாலம் பக்கம் திரும்பும்போது கண்ணாடியை இறக்கிச் சாரலுக்குக் கையை நீட்டியிருந்தாள்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். அந்தக் கறுப்பு நார்க்கொத்து என் மேஜை மேல் இருக்கிறது. என்ன இது குப்பை என்று யாராவது தூக்கப் போனால், எனக்கு அண்ணாச்சியைப் போலவே கோபம் வருகிறது.