ஒன்றாம் நம்பர் யாருக்கு?

குடிசைக்காரர்களுக்கு அனுப்பிய கோர்ட் நோட்டீஸ் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. 'இந்த முகவரியில் வீடே இல்லை' என்று உறையின் மேல் எழுதியிருந்தது.

மேனேஜருக்கு ரத்தம் கொதித்தது. வீடே இல்லையாமே! ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி நிலத்தில் அத்தனை குடிசையும் வரிசையாக நின்று பல்லிளிக்கின்றன.

மேனேஜர் என்பது பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பெயர். ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து அவர் ரிட்டயராகி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. குவார்ட்டர்ஸை விட்டு மட்டும் நகரவில்லை. "டாக்டருங்க கார் நிறுத்த இடமில்ல. இந்தக் குடிசைங்களைக் கிளப்பிக் காட்டுங்க, நீங்க பாட்டுக்கு அந்த வீட்லயே இருங்க" என்று பெரிய டாக்டர் வாயால் சொல்லியிருந்தார். அந்த வாய்ச்சொல்லை நம்பிச் சமையலறைக்குப் புது டைல்ஸ்கூடப் போட்டுவிட்டார் மனுஷர்.

"கதவு நம்பர் இல்லாம நோட்டீஸ் எப்படிப் போய்ச் சேரும்?" என்றார் வக்கீல்.

"அவ்வளவுதானே? போட்டுட்டா போச்சு!"

மறுநாளே பெயின்டர் வந்தான். கேட் பக்கமிருந்து தொடங்கியவன், முதலில் கண்ணில் பட்ட மேனேஜர் வீட்டுச் சுவரில் கொட்டை எழுத்தில் 1 என்று போட்டுவிட்டுக் குடிசைகளுக்குப் போனான்.

மேனேஜரின் மனைவி பார்த்துவிட்டாள்.

"ஓசியில குடியிருக்கிற கும்பலும் நாமும் ஒரே வரிசையா? மானம் போச்சு! முதல்ல அதை அழிங்க!"

அழித்தார்கள். அதற்குள் குடிசைகளில் 2, 3, 4 என்று நம்பர் ஓடிவிட்டது. டாக்டர்களின் கோட்டுக்கு இஸ்திரி போடும் அம்மாள் தன் குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்போ ஒண்ணாம் நம்பர் யாருக்கு சார்?"

"யாருக்கும் கிடையாது! ஒருத்தரும் அதைத் தொடக் கூடாது!"

"சரிங்க சார்."

நோட்டீஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. குடிசைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கி, 'இதோ எங்க முகவரி' என்று அதையே மின்சார ஆபீசில் நீட்டி, வீட்டுக்கு வீடு கரண்ட் இழுத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் வக்கீலிடம் ஓடினார். "நீதிபதியம்மாவை நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க! எப்பேர்ப்பட்ட அசிங்கம்னு தெரியட்டும்!"

"வருவாங்க. அந்தச் சேத்துல எப்படி நடப்பாங்க?"

அதற்கும் மேனேஜரே முன்நின்று சரளைக்கல் கொட்டிப் பாதை போட்டார். நீதிபதி வருவதற்குள் அதில் ஆட்டோ ஓடத் தொடங்கியிருந்தது.

நீதிபதி நம்பரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். "எங்க தெருவே இவ்வளவு நல்லா இல்லையே!" என்றார்.

தீர்ப்பு வந்தது. நம்பர் போட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு மாற்று இடம் கொடுக்காமல் ஒரு கூரையையும் தொடக் கூடாது. நம்பரும் இல்லாமல், ஆஸ்பத்திரி உத்தரவும் இல்லாமல் அந்த நிலத்தில் யார் இருந்தாலும் உடனே வெளியேற்றலாம்.

"பாதி ஜெயிச்சாச்சு!" என்று துள்ளினார் மேனேஜர். "நம்பர் இல்லாத ஒரு பயலையும் விடக் கூடாது!" தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் அமீனாவை அனுப்பச் சொல்லி அவரே நாயாய் அலைந்தார்.

அமீனா வந்தார். ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே வரிசை முழுக்க நடந்தார். கடைசியில் மேனேஜர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நம்பர் எங்க சார்?"

"யோவ், இது குவார்ட்டர்ஸ்யா!"

"அப்போ ஆஸ்பத்திரி உத்தரவைக் காட்டுங்க."

மேனேஜர் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்.

"நான் எப்போ சொன்னேன்?" என்றார் பெரிய டாக்டர். "அந்த வீடு போனாலாவது நாலு கார் நிக்கும்."

சாயங்காலத்துக்குள் கட்டிலும் பீரோவும் வெளியே வந்துவிட்டன. மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள். தான் கொட்டிய சரளைக்கல்லின் மேலேயே நின்றார் மேனேஜர்.

இஸ்திரி அம்மாள் வந்து ஒரு மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ரிட்டயரான அன்னைக்கே எங்க ஆளாயிட்டீங்கண்ணே. அதான் ஒண்ணாம் நம்பரை இன்னும் யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கோம்."