தண்டபாணி பிள்ளை போட்ட தாளம்

எண்ணத் தெரிந்தவன் எவனும் மிருதங்கம் வாசித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினேன். எனக்கு எண்ணத் தெரியும். அது மட்டும்தான் தெரியும் என்பதை எனக்கு உணர்த்த ஒரு கச்சேரி வேண்டியிருந்தது.

வியட்நாமின் தென்பகுதியான கொச்சின்சீனாவைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த நாட்கள். காரைக்காலில் படிப்பை முடித்துவிட்டு, சைகோனில் நில அளவை அலுவலகத்தில் எழுத்தனாக இருந்தேன். பகலெல்லாம் அடுத்தவன் நிலத்தை எண்ணுவேன். வீட்டுக்கு வந்தால் தட்டில் இடியாப்பத்தையும் கூரையில் பல்லிகளையும் எண்ணுவேன். (வியாதிதான். இன்னும் தீரவில்லை.) மிருதங்கக் கோர்வை என்பது மூன்று முறை வாசித்து, பாட்டு தொடங்கிய இடத்தில் கச்சிதமாக வந்து விழ வேண்டிய கணக்கு என்று கேள்விப்பட்டதும், இந்தக் கலை எனக்காகவே பிறந்தது என்று முடிவு கட்டினேன்.

வாத்தியார் சிங்காரவேலு என்னைவிட இளையவர். சுங்கச்சாவடியில் வேலை, விரல்களில் இடி. சைகோனில் எந்தத் தமிழ்க் கச்சேரி நடந்தாலும் அவர்தான் மிருதங்கம். நான் அவரை ‘வாத்தியாரே’ என்பேன், அவர் என்னை ‘அண்ணே’ என்பார். பாலபாடத்தைத் தாண்டிவிட்டுக் கடினமான நடைகளை மட்டும் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் கதவைக் காட்டியிருப்பார்கள். அவர் பாயை விரித்தார்.

அவரிடம் ஒரே ஒரு குறை. யாரையும் தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான் கால் தாளம் தள்ளி விழுந்தால், “இதுவும் ஒரு எடுப்புதான்ணே” என்பார். நாலு வர வேண்டிய இடத்தில் ஐந்தாகக் கொட்டினால், “அட, கண்ட நடைக்குப் போயிட்டீங்களே” என்று அதையே வாங்கி வாசித்து அழகாக முடித்துக் காட்டுவார். என் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பெயரும் ஒரு முடிப்பும் கிடைத்தன. விளைவு, நான் ஒரு மேதை என்பது எனக்கு ஐயமறத் தெரிந்துபோயிற்று. அலுவலக மேசையில் நான் தட்டிய தட்டில், என் பிரெஞ்சுக்கார மேலதிகாரி இரண்டு முறை மைக்கூட்டைக் கவிழ்த்துக்கொண்டார். கலைக்காக அவர் அவதிப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். தண்டபாணி பிள்ளை நகரத்தின் ஓரத்தில் மாடுகள் வைத்துப் பால் வியாபாரம் செய்தவர். அவர் மகள் கமலத்தைத் தூரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு நான் எண்ணுவதையே மறந்திருந்தேன். (பெரிய விஷயம்.) பிள்ளையின் பதில் தரகர் வழியாக வந்தது: மாப்பிள்ளை மிருதங்கம் வாசிப்பாராமே, கோயில் கச்சேரியில் வாசிக்கட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வாத்தியாரிடம் ஓடினேன். சந்தைக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் அந்த வாரம் கச்சேரி, வாசிக்கப்போவது அவர். நான் கேட்கும் முன்பே, “மிருதங்கத்தை நீங்க எடுத்துக்குங்கண்ணே, நான் கஞ்சிராவோட ஒக்காந்துக்கிறேன்” என்றார். இப்படி ஒரு மனிதர் இருந்தால் மற்றவன் உருப்படுவானா?

கச்சேரி தொடங்கியது. பாட்டுக்கு நான் வாசித்ததில் பழுதில்லை. கஞ்சிரா அத்தனையையும் மூடிக்கொண்டது. பிறகு தனி ஆவர்த்தனம் வந்தது. பாட்டு நின்று, தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் இடம். அலுவலகக் காகிதத்தில் கூட்டிக் கழித்துத் தயாரித்த என் சொந்தக் கோர்வையை எடுத்தேன். உதடு அசைய எண்ணிக்கொண்டே வாசித்தேன். பாதியில், இருபத்திரண்டா இருபத்துமூன்றா என்று ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவுதான். கணக்கு காணாமல் போய்விட்டது.

பாடகரின் கையைப் பார்த்தேன். இடது கையில் பால் தம்ளர். தாளம் போடும் வலது கை துண்டுக்குள். வாத்தியாரைப் பார்த்தேன். வழக்கம்போலப் புன்னகையோடு தலையாட்டினார். அதை நம்ப முடியுமா? நான் மேடையிலிருந்து விழுந்தாலும் அப்படித்தான் ஆட்டுவார்.

முதல் வரிசையில் தண்டபாணி பிள்ளை தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

தாளம் போடுகிறார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த அடி ஐந்தில் விழுந்தது. கண்டம் என்று ஐந்துக்குத் தாவினேன். அதற்கடுத்தது ஏழில். சரி, மிச்ரம். அப்புறம் ஒன்பதில். விரல் எண்ணவில்லை, கையைத் திருப்பவில்லை, வெறும் அடி. புரிந்துவிட்டது: மாமனார் நடையை மாற்றி மாற்றி என்னைப் பரிசோதிக்கிறார். பெண் வேண்டுமென்றால் தொடர்ந்து வா என்கிறார். தொடர்ந்தேன். வியர்வை கொட்ட, அவர் கை மேலே போவதைப் பார்த்துக்கொண்டே வாசித்து, அது இறங்கிய அதே கணத்தில் ‘தாம்’ என்று முடித்தேன்.

பாடகர் தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு ஆயுள் போதாது. அந்த நொடியில் வாத்தியார் கஞ்சிராவைத் தூக்கினார். நான் போட்ட குப்பை அத்தனையையும் ஐந்து, ஏழு, ஒன்பது என்று அதே வரிசையில் வாசித்து, எங்கோ ஒரு அரையைச் சேர்த்து, பாட்டின் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். கைதட்டல் கோயிலை அதிரவைத்தது. வேண்டுமென்றே செய்த வித்தை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். கச்சேரி முடிந்து பிள்ளை என்னிடம் வந்தார். பின்னால் கமலமும் அவள் அத்தையும். நான் குனிந்து வணங்கி, “ஒன்பதுல போட்டுச் சோதிச்சீங்களே மாமா, புடிச்சிட்டேன்” என்றேன்.

அவர் தொடையைத் தடவிக்கொண்டார். “என்ன ஒன்பது? நான் கொசுல்ல தம்பி அடிச்சேன். சனியன், ஒண்ணுகூட சாவல.”

“எனக்குத் தாளமெல்லாம் என்ன தெரியும்? கமலத்துக்குத்தான் அந்தப் பைத்தியம். அவ கேட்டுட்டுச் சொல்லட்டும்னுதான் கூட்டியாந்தேன்” என்றும் சொன்னார்.

கமலம் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அத்தை காதில் சொல்வதுபோல, எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: “அப்பா கையையே இவ்வளவு கவனிக்கிறாரு, நம்ம பேச்சையும் கேப்பாரு. கட்டிக்கிறேன். ஆனா மிருதங்கத்தைத் தொடக் கூடாது.”

தொடவில்லை. கமலம் தொட்டாள். சிங்காரவேலு வாரந்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். நான் காபி கொண்டுவந்து வைப்பேன். அவள் பிழையே செய்யாததால், பாவம், அவருக்குப் பாராட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வார்: “அன்னிக்கு நீங்க தப்பலண்ணே. கொசுதான் அரை இடம் தள்ளி ஒக்காந்துட்டுது.”

கமலத்தின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள் என்னிடம் தாளத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் யார் கொசு அடித்தாலும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் உதட்டைப் பார்க்கிறார்கள், எண்ணுகிறேனா என்று. வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் எண்ணுகிறேன்.