வழி மட்டும் விட்டால் போதும்

சண்டைக்காரர்களில் பல வகை உண்டு. எதிராளியின் வாசலிலேயே போய் நின்று கத்துகிறவர் ஒரு வகை. அவர் யோக்கியர், விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது வேறு இனம். இவருக்கு எதிராளி உண்டு, கோபம் உண்டு, நேராகப் போக வழியும் உண்டு. ஆனால் அந்த வழியில் மட்டும் போக மாட்டார். நடுவில் தேமே என்று குடியிருக்கும் மூன்றாம் மனிதரின் வீட்டுக்குள் புகுந்து, அவர் பாயை மிதித்து, பானையை உருட்டி, பின்பக்கச் சுவர் ஏறித்தான் எதிராளிமேல் குதிப்பார். கேட்டால், "உங்க மேல எனக்கு என்னங்க கோபம்? வழி மட்டும் விடுங்க, போதும்" என்பார்.

இவருக்கு வழிப்போக்குத் தளபதி என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். இரண்டு பேராகவும் இருக்கலாம், ஏனென்றால் இந்த இனம் ஒற்றையாக வளர்வதில்லை.

எனக்குத் தெரிந்த இருவர் பாடநூல் அலுவலகத்தில் இருக்கிறார்கள். நான் அங்கே தபால் பிரிவு. ஒருவர் வரலாற்றுப் பிரிவின் தலைவர், மற்றவர் வரைபடப் பிரிவின் தலைவர். அவர்கள் காதில் விழாதபடி வரலாறு, வரைபடம் என்றே சொல்வோம். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஜன்னல் வைத்த அறை யாருக்கு என்பதில் ஆரம்பித்ததாம். இப்போது அந்த அறையில் உடைந்த நாற்காலிகள் குடியிருக்கின்றன.

இந்த இரண்டு பேரின் அறைகளுக்கும் நடுவே ஒரு மேஜை. அச்சுக்குப் போகும் முன் பக்கங்களில் பிழை பார்க்கும் அக்கா அங்கே உட்கார்ந்திருப்பார். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். வேலை நிரந்தரமாக வேண்டுமானால், "இவர்மேல் புகார் இல்லை" என்று இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆகவே அக்கா யார் கட்சியும் இல்லை. வரலாற்றைப் பார்த்து எவ்வளவு சிரிப்பாரோ, வரைபடத்தைப் பார்த்தும் அதே அளவு சிரிப்பார். மகள் பரீட்சையில் தேறியபோது இருவருக்கும் மிட்டாய் கொடுத்தார், ஆளுக்கு இரண்டு.

ஒரு தலைவர் இன்னொருவருக்கு நேராகக் குறிப்பு அனுப்பத் தடையில்லை. ஆனால் அதற்குக் கோப்பு எண் வேண்டும், நகல் இயக்குநருக்குப் போகும், மூன்று நாளில் பதில் வரும், பதில் சூடாகவே வரும். பிழை பார்க்கும் தாளிலோ வலது ஓரத்தில் 'திருத்துபவர் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு எண் கிடையாது, நகல் கிடையாது, காவல் கிடையாது, தாள் எப்படியும் இரண்டு அறைக்கும் போய்த்தான் வரும். திறந்து கிடக்கும் தோட்டத்தை விட்டுவிட்டு எந்தத் தளபதியாவது கோட்டைச் சுவரில் போய் முட்டிக்கொள்வானா?

"அக்கா, உங்க கட்டத்துல ரெண்டு வரி எழுதிக்கிறேன்" என்பார் வரலாறு.

"அது நான் எழுத வேண்டிய இடம் சார்."

"உங்களை ஒண்ணும் சொல்லலையே. அந்தாள் கண்ணுல படணும், அவ்வளவுதான்."

'ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடத் தெரியாதவர்கள் வரைபடம் போட வந்துவிட்டார்கள்' என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு போவார். மத்தியானம் வரைபடம் வருவார். "அவரை உள்ள விட்டீங்க இல்ல? அப்ப என்னையும் விடணும். நான் எழுதலேன்னா முழுக் கட்டத்தையும் அவரே எடுத்துக்குவார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லதுக்காக நாலு வரி. அதற்கு மறுநாள் ஆறு வரி. அக்காவின் கட்டத்தில் அக்காவின் எழுத்து ஒன்றுகூட இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஒன்று வந்தது. 'முக்கியப் பகைவனை அடைய, படைகள் நடுநிலை நாட்டின்மீது படையெடுப்பது ஏன்?' ஐந்து மதிப்பெண் கேள்வி. விடையை வரலாறு பிரமாதமாக எழுதியிருந்தார். நேர் எல்லையில் கோட்டைகள் இருக்கும்; நடுநிலை நாட்டில் சாலை நன்றாக இருக்கும், படை சின்னதாக இருக்கும்; நாம் போகாவிட்டால் எதிரி போய்விடுவான் என்று பயம்; சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைப்பு. தபால் கொடுக்கப் போன என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "பாவம்யா அந்தச் சின்ன நாடு. யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்றார். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே. துடைத்துக்கொண்டு, அக்காவின் கட்டத்தில் எழுத எழுந்து போனார்.

பாடத்தோடு போக ஒரு படம், வரைபடப் பிரிவு போட்டது. இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் பகை நாடு, நடுவில் மஞ்சளில் நடுநிலை நாடு. மஞ்சள் பொருந்தவில்லை, சாம்பல் நிறம் வேண்டும் என்று வரலாறு எழுதினார். எங்களுக்கு நிறம் சொல்லித்தர வேண்டாம் என்று வரைபடம் எழுதினார். ஏழு தடவை தாள் போய் வந்தது. எட்டாவது தடவை வரைபடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மஞ்சள் நாட்டையே அழித்தார். இரண்டு பகை நாடுகளையும் நெருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். இப்போது எதற்கு நிறம் அடிக்கிறார் பார்க்கலாம், ஓடி வந்து கெஞ்சுவார் என்று கணக்குப் போட்டார்.

வரலாறு ஓடி வரவில்லை. எப்படி வருவார்? அவன் போட்ட படத்தை நான் பார்ப்பதா என்று, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பார்த்தவர் அக்கா ஒருவர்தான். வரைபடத்திடம் போய், "சார், நடுவுல ஒரு நாட்டைக் காணோம்" என்றார். "வேணும்னா அவர் வந்து கேட்கட்டும்." வரலாற்றிடம் போனார். "படத்தை ஒரு தடவை பாருங்க சார்." "அந்தாள் பேரை என் அறையில எடுக்காதீங்க." கட்டத்தில் எழுதலாம் என்றால் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. கட்டத்துக்கு வெளியே பென்சிலில், 'நடுநிலை நாடு இல்லை, கவனிக்கவும்' என்று பொடியாக எழுதினார். வெளியே இருப்பதை அச்சகத்தில் யார் பார்க்கிறார்கள்?

புத்தகம் வந்தது. பாடத்தில் படைகள் நடுநிலை நாட்டுக்குள் நுழைகின்றன. படத்திலோ பகைவர்கள் இருவரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து கடிதம் குவிந்தது, எல்லாம் என் கையால்தான் பிரித்தேன். இயக்குநர் மூவரையும் கூப்பிட்டார்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். "திருத்துபவர் கட்டத்தைப் பாருங்க சார், அவங்க ஒண்ணுமே எழுதலை" என்றார் வரலாறு. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் வரைபடம். தண்ணீர் டம்ளரைக்கூட ஒருவருக்கொருவர் நகர்த்திக் கொடுத்துக்கொண்டார்கள்.

இயக்குநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டத்துக்கு வெளியே பென்சிலில் எழுதியதெல்லாம் கணக்கில் வராது. "ஏம்மா, உங்க கட்டம் இது. இதுல நீங்க ஒரு வரிகூட எழுதலையா?"

"இடம் இல்லீங்க சார்" என்றார் அக்கா.

நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. தவறு எப்படி நடந்தது என்று விசாரிக்க இருவர் குழு போட்டார்கள். அந்த இருவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஒருவர் அறைக்கு இன்னொருவர் போக மாட்டாராம். அதனால் குழு கூடுவது அக்காவின் மேஜையில். கூட்டம் முடியும்வரை அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து பிழை பார்க்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

வயிறு எரிகிறவன் என்ன செய்தேன் என்று கேட்க மாட்டீர்களா? செய்தேன். அச்சுக்குப் போகும் முன்பே அக்கா அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். "நேரா இயக்குநர்கிட்ட போய்ச் சொல்லிடுங்க அக்கா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன். இரண்டு கையெழுத்தை நம்பியிருக்கிற அக்கா எப்படிப் போவார்?

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். நானும் அப்படி இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன். காலையில் மனைவியோடு ஒரு சின்ன மனஸ்தாபம். சாப்பிட உட்கார்ந்தோம். அவள் இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள். "அம்மாகிட்ட உப்பு கேளும்மா" என்றேன் மகளிடம். "அப்பாவுக்குக் கை எட்டாதான்னு கேளு" என்றாள் மனைவி. மகள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, உங்கள் இருவருக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.